கதைவழி அறிவியல்: ஜார்ஜ் காமோவின் திரு. டாம்ப்கின்ஸ்

கடினமான கோட்பாட்டை எளிமையாக்குவதே அறிவியல் கதையின் பணி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும், கதை என்று அமைந்துவிட்டால் அதனுள் நிகழ்வதைக் காண ஒரு கண் வேண்டும். அந்தக் கண் கோட்பாட்டுக்கு என்ன செய்கிறது என்பதை ஆராய ஏற்ற சான்று, இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ் படைத்த திரு. டாம்ப்கின்ஸ் என்னும் கதைமாந்தர் ஆவார்.

அமெரிக்க இதழொன்று ஏற்காத இக்கதை, சி. பி. ஸ்னோ ஆசிரியராக இருந்த ‘டிஸ்கவரி’ இதழில் 1938இல் வெளிவந்தது. கதைகளின் தொகுப்பைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1940இல் நூலாக்கியது. அறிவியலைப் பரப்பியமைக்காக யுனெஸ்கோ வழங்கும் கலிங்கா பரிசு 1956இல் காமோவுக்குக் கிடைத்தது.

டாம்ப்கின்ஸ் ஒரு வங்கி எழுத்தர். சார்பியல் பற்றிய சொற்பொழிவைக் கேட்கச் சென்று உறங்கிவிடுகிறார். கனவில் அவர் காணும் நகரில் ஒளியின் வேகம் மிதிவண்டி நெருங்கிவிடும் அளவுக்குக் குறைந்திருக்கிறது. வொினாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் என்னும் ஒரே ஓர் எண்ணை மாற்றிவிட்டு, ஏனைய விதிகளை அப்படியே இயங்க விடுகிறார் காமோவ். எதிரே செல்லும் மிதிவண்டிக்காரர் தட்டையாகத் தெரிகிறார். டாம்ப்கின்ஸே மிதிவண்டியில் ஏறியதும் அவர் உடல் மாறவில்லை, தெருக்கள் குறுகுகின்றன. இயக்கம் சார்புடையது என்பதை இக்காட்சி மாற்றம் ஒரு சமன்பாடுமின்றி உணர்த்திவிடுகிறது. தொடர்வண்டியிலிருந்து இறங்கும் நடுவயதினரை ஒரு மூதாட்டி ‘தாத்தா’ என்றழைக்கும் இடம் நகைச்சுவை மிக்கது. இடையறாப் பயணத்தால் அவருடைய காலம் மெல்லச் சென்றிருக்கிறது.

இடர் அந்தத் தட்டையான மிதிவண்டிக்காரரிடம்தான் உள்ளது. சார்பியல் கூறும் நீளச் சுருக்கம் அளவீடு பற்றியது; ஒரு பொருளின் இருமுனைகளையும் ஒரே கணத்தில் குறித்தால் கிடைப்பது. கண்ணோ அவ்வாறு அளப்பதில்லை. ஒரே கணத்தில் கண்ணை வந்தடையும் கதிர்களுள், பொருளின் தொலைவான பகுதியிலிருந்து வருவது முன்னதாகவே புறப்பட்டிருக்க வேண்டும். இதைக் கணக்கிற்கொண்டால், விரைந்து செல்லும் சிறிய பொருள் சற்றே திரும்பியதுபோலத் தெரியுமேயன்றி நசுங்கியதாகத் தெரியாது. 1924இலேயே ஆன்டன் லம்பா இவ்வேறுபாட்டை ஆராய்ந்திருந்தும் அது பரவலாகக் கவனிக்கப்படவில்லை. 1959இல் ஜேம்ஸ் டெரல், ரோஜர் பென்ரோஸ் ஆகியோர் தனித்தனியே இதனை விளக்கினர். விரையும் கோளத்தின் விளிம்பு எப்போதும் வட்டமாகவே தெரியும் என்பது பென்ரோஸின் முடிவு.

காமோவ் கோட்பாட்டை அறியாதவர் அல்லர். அளவீட்டைக் காட்சியாக்கும் கட்டாயத்தைக் கதையே ஏற்படுத்தியது. இயற்பியலாளர் பலரும் ஏறத்தாழ இருபதாண்டுகள் இதனை ஐயுறாதிருந்தமை, நல்ல கதையின் ஆற்றலையே காட்டுகிறது.

தமிழில் சார்பியலை விளக்குவோருக்கும் இவ்விடர் உண்டு. ‘சுருங்கித் தோன்றும்’ என்று எழுதினால் ‘தோன்றும்’ என்னும் வினை கண்ணையே சுட்டும். ‘சுருங்கியதாக அளக்கப்படும்’ என்பது ஓசைநயம் குன்றியதாயினும் பிழையற்றது.