ஒரே விர்ச்சுவல் மெஷின்: விண்டோஸிலும் லினக்ஸிலும்!

தமிழக அரசு 2011ல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தவுடன் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் இந்த முறைக்கு டூயல் பூட் என்று பெயர்.

அனுப்பம்பட்டில் என் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரும் இப்படிப்பட்டதுதான். சித்தப்பாவுக்கு விண்டோஸ், பொறியியல் படிக்கும் தங்கைக்கு லினக்ஸ். பழவேற்காட்டில் வாங்கும் இறால், நண்டு கணக்கு மட்டும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும் ஒரு பழைய புரோகிராமில் இருக்கிறது. அதற்காக, எக்ஸ்பியை ஒரு விர்ச்சுவல் மெஷினாக அமைத்துக் கொடுத்தேன். விர்ச்சுவல் மெஷின் என்பது கம்ப்யூட்டருக்குள் சாப்ட்வேரால் உருவாக்கப்படும் இன்னொரு கம்ப்யூட்டர். பகலில் சித்தப்பாவும் இரவில் தங்கையும் கணக்கு எழுதுவார்கள். ஆளுக்கொரு மெஷின் அமைத்தால் கணக்கும் இரண்டாகிவிடும். ஒன்றையே இருவரும் பயன்படுத்த முடியுமா? முடியும்.

இதற்கு ஆரக்கிள் நிறுவனம் இலவசமாகத் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் போதும். விர்ச்சுவல் மெஷினின் ஹார்ட் டிஸ்க், உண்மையில் விடிஐ என்ற வகையைச் சேர்ந்த ஒரு பெரிய பைல். அந்த பைல் இரண்டு சிஸ்டமும் படிக்கக்கூடிய இடத்தில் இருந்தால் வேலை முடிந்தது.

1. டி டிரைவ் போன்ற தனி பார்ட்டிஷனை என்டிஎஃப்எஸ் முறையில் பார்மட் செய்யுங்கள். அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் முதலில் பேக்கப் எடுங்கள். ஃபேட்32 வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை வைக்க முடியாது.

2. இரண்டு சிஸ்டத்திலும் விர்ச்சுவல்பாக்ஸின் ஒரே வெர்ஷனை நிறுவுங்கள்.

3. விண்டோஸில் புதிய மெஷினை உருவாக்கி, அதன் டிஸ்க் பைலை டி டிரைவில் வைத்து, எக்ஸ்பியை நிறுவுங்கள்.

4. லினக்ஸுக்கு வந்து, பைல் மேனேஜரில் அந்த டிரைவைத் திறங்கள். பிறகு விர்ச்சுவல்பாக்ஸில் இன்னொரு மெஷினை உருவாக்குங்கள். டிஸ்க் பற்றிக் கேட்கும்போது புதியது வேண்டாம். ஏற்கெனவே உள்ள டிஸ்க் பைலைப் பயன்படுத்தும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து, டி டிரைவில் உள்ள பைலைக் காட்டுங்கள். மெமரி போன்ற செட்டிங்குகள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். டூயல் பூட்டில் ஒரு நேரத்தில் ஒரு சிஸ்டம்தான் இயங்கும். ஆகவே டிஸ்க் பைலுக்கு இருவர் போட்டியிட மாட்டார்கள். ஆனால் முழுதாக நிறுத்தாமல் தூங்கவைத்த சிஸ்டம், டிஸ்க்கின் பழைய நிலையையே நினைவில் வைத்திருக்கும். இடையில் மற்றவர் எழுதியது அதற்குத் தெரியாது. விழித்ததும் பழைய நினைவில் எழுதத் தொடங்கினால் பைல்கள் சிதைந்துவிடும். பல வருடக் கணக்கு ஒரே நாளில் போய்விடலாம்.

எனவே மூன்று கட்டுப்பாடுகள். ஒன்று, எக்ஸ்பியை மூடும்போது விர்ச்சுவல்பாக்ஸின் சேவ் ஸ்டேட் வசதியைத் தேர்ந்தெடுக்காமல், ஸ்டார்ட் மெனுவில் முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். இரண்டு, விண்டோஸில் ஹைபர்னேட் செய்யாதீர்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டன் தொடர்பான பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதன் டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் வந்த இந்த வசதி இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். மூன்று, ஸ்னாப்ஷாட் எடுக்காதீர்கள். எடுத்தபின் எழுதுவதெல்லாம் வேறொரு பைலுக்குப் போய்விடும். அது மற்ற சிஸ்டத்தில் உள்ள மெஷினுக்குத் தெரியாது.

எக்ஸ்பிக்கான மைக்ரோசாப்ட் சப்போர்ட் 2014 ஏப்ரல் 8ல் முடிந்துவிட்டது. எனவே இரண்டு மெஷின்களின் நெட்வொர்க் செட்டிங்கிலும் அடாப்டரை நீக்கிவிடுங்கள். கணக்கு எழுத இன்டர்நெட் தேவையில்லை.

மெஷின் ஷட் டவுன் ஆகியிருக்கும்போது அந்த விடிஐ பைலை வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வையுங்கள். ஒரே பைல் என்பதால் பேக்கப்பும் சுலபம்.