ஆஸ்துமா: இன்ஹேலரை நிறுத்திவிட்டு தூதுவளைக்கு மாறலாமா?

"இன்ஹேலர் பழகிட்டா விடவே முடியாது. தூதுவளை ரசம் வெச்சுக் குடி, சரியாயிடும்." மழைக்காலம் வந்தாலே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இந்த அறிவுரையும் வந்துவிடும். இதில் எவ்வளவு உண்மை?

இன்ஹேலருக்கு அடிமையாகிவிடுவோமா?

இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இருமல் இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயின் உட்புறம் வீங்கியிருக்கலாம். அதைக் குறைப்பதுதான் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரின் வேலை. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகும் மருந்து, இதில் மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. நிறுத்தியதும் இரைப்பு திரும்பினால், அது பழக்கம் அல்ல, அடங்கியிருந்த நோய்.

தூதுவளை, ஆவி, மூச்சுப்பயிற்சி?

தூதுவளை ரசம் தொண்டைக்கு இதம், சாப்பாட்டோடு சாப்பிடலாம். இன்ஹேலருக்கு மாற்று என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஆவி பிடித்தால் மூக்கடைப்பு கொஞ்சம் விடும், அவ்வளவுதான். மூச்சுப்பயிற்சி சிலருக்கு இரைப்பையும் பதற்றத்தையும் குறைக்கும்; மருந்தை நிறுத்தும் அளவுக்கு அல்ல.

மருந்தோடு எது கைகொடுக்கும்?

தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால், அலர்ஜியைத் தூண்டும் தூசுப்பூச்சிகள் சாகும். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையைத் தவிர்க்கலாம். மூக்கு அலர்ஜிக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவது உதவும். கொதிக்கவைத்து ஆறிய நீர் அவசியம்.

மருந்தைக் குறைக்கவே முடியாதா?

முடியும். சுமார் 3 மாதம் தொந்தரவு இல்லாமல் இருந்தால், டாக்டரிடம் கேளுங்கள், படிப்படியாகக் குறைப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, உடனடி நிவாரண இன்ஹேலர் எடுத்தும் மூச்சு சீராகவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் கஷாயம் போட நேரமில்லை, 108-ஐ அழையுங்கள்.