மண்ணீரலில் கண்ட கிருமி: சென்னை, 1903
வங்காளத்தின் டம்டம் பாசறையிலிருந்து காய்ச்சலோடு இங்கிலாந்து திரும்பி 1900இல் இறந்த சிப்பாய் ஒருவரின் மண்ணீரலில் தாம் கண்ட முட்டைவடிவ நுண்துகள்களைப் பற்றி, இராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் 1903 மே மாதம் எழுதினார். இந்திய மருத்துவப் பணி எனப்பட்ட, படைக்கும் மக்களுக்கும் சேவை செய்த மருத்துவர் அணியைச் சேர்ந்த சார்லஸ் டோனவன், அவற்றைச் சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தோரின் மண்ணீரலில் முன்பே பார்த்திருந்தார். ஆயினும் அவை இறப்புக்குப் பின் தோன்றும் சிதைவல்ல, பிற உயிரைச் சார்ந்து வாழும் ஒட்டுண்ணிகளே என்பது, ஜூன் 17 அன்று உயிருள்ள ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த இரத்தத்திலும் அவர் அவற்றைக் கண்டபோதுதான் உறுதியாயிற்று. மண்ணீரலை வீங்கச் செய்யும் காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் இக்கிருமிக்கு, மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ் 'லீஷ்மேனியா டோனவானி' என இருவர் பெயரையும் இணைத்துச் சூட்டியது நியாயமே.