ஜிப்ஸியின் மேக்கப் கலைகிறது

பழைய ஜிப்ஸியைப் பார்க்க ஆள் வருகிறார் என்றால், முந்தின நாள் ஷெட்டில் நடக்கும் கூத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இன்ஜினுக்கு பிரஷர் வாஷில் குளியல். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு பெயின்ட். டயருக்கு பாலிஷ், சீட்டுக்குப் புது கவர், கூரையில் நாலு விளக்கு, முதுகில் ஒரு ஜெர்ரி கேன். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு மேக்கப் போட மாட்டார்கள்.

கோவைக்கு வெளியே அப்படி ஒரு ஷெட்டுக்குள் நண்பரின் தயவில் நுழைந்துவிட்டேன். வாங்குகிறவர் அவர். கூட வந்தவர், ஜீப்பையும் ஜிப்ஸியையும் பிரித்து மாட்டியே தலை நரைத்த மெக்கானிக் அண்ணன். அவர் பையில் சின்னச் சுத்தியல், ஸ்குரூடிரைவர், டார்ச், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம். அவ்வளவுதான் சாமான்.

ஷெட்காரர் டீ சொன்னார். அண்ணன் கிளாஸை பானெட் மேல் வைத்தார், கூடவே உள்ளங்கையையும். கதகதவென்று இருந்திருக்கிறது. "ஏனுங்க, இப்பத்தான் ஓட்டிப் பார்த்தீங்களா?" என்றார் சாதுவாக. குளிர்ந்த இன்ஜின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது, முதல் புகை நீலமா வெள்ளையா என்று பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிட்டால் அந்தப் பாதி போச்சு. "பரவால்லீங், ஆறட்டும். நாங்க எங்கயும் போறதில்லைங்" என்று அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டார். எனக்கு அப்போதே விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

ஜிப்ஸிக்கு இன்னும் ஏன் இந்த மவுசு என்று கேட்பவர்களுக்கு ஒரு நிமிஷக் கதை. சுசுகியின் எஸ்ஜே410 வண்டியை நீளமாக்கி மாருதி இதை 1985-ல் இறக்கியது. 970 சிசி இன்ஜின், 45 குதிரைத்திறன். 1996-ல் 1.3 லிட்டர் இன்ஜினோடு 'கிங்' வந்தது. பிறகு எம்பிஎஃப்ஐ வந்து சக்தி 80 குதிரைத்திறனாக ஏறியது. 2019-ல் ஷோரூமை விட்டுப் போனது. நடுவில் ராணுவம், போலீஸ், வனத்துறை, ராலி, மலைத் தோட்டம் என்று அது வாழாத வாழ்க்கை இல்லை. ஒவ்வொரு வாழ்க்கைக்கும் ஒரு நோய் உண்டு. அதனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எங்கே ஓடியது என்பதுதான் முதல் கேள்வி.

நம்ம வண்டியின் பூர்வீகத்தை அண்ணன் கண்டுபிடித்த விதம் இருக்கிறதே! வெளியே பளபளவென்று சிவப்பு. அவர் நேராகக் கதவோரத்து ரப்பரை நகத்தால் நெம்பி இழுத்தார். ரப்பருக்கு அடியில் விரல் அகலத்துக்கு ஆலிவ் பச்சை. "மிலிட்டரி மாப்ளைங்க!" ராணுவம் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட வண்டி. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதிப்படி, பாதுகாப்புத் துறை தவிர யாரும் வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. அதனால் ஏலத்தில் எடுத்த கையோடு நிறத்தை மாற்றியே ஆக வேண்டும். மிலிட்டரி வண்டி என்பதே ஒரு குறை இல்லை. சில சமயம் அதுதான் நல்ல வண்டி. ஆனால் சிவிலியன் பதிவுத் தேதியை மட்டும் பார்த்து வயதைக் கணக்குப் போட்டால் ஏமாறுவோம். ஆர்சியில் தயாரித்த மாதம், வருஷம் தனியாக இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். அதோடு, மாதக்கணக்கில் நின்றே கிடந்த வண்டியில் சீல்கள் காய்ந்து போயிருக்கும், பெட்ரோல் டேங்கில் துரு படிந்திருக்கும்.

அடுத்தது சுத்தியல். என் அபிப்பிராயத்தில் இந்தத் தொழிலின் உச்சக்கட்டம் இதுதான். அண்ணன் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் சறுக்கிப் போனார். நானும் புடவையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டேன். சேஸை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங். டங். டங். பின் சக்கரத்தைத் தாண்டி, ஸ்பிரிங் பட்டையின் கடைசி முனை தொங்குகிற இடத்துக்கு வந்ததும் தொப். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த இடத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக அழுத்த, புதுக் கறுப்பு பெயின்ட் அப்பளமாக நொறுங்கி, முனை உள்ளே போயே போய்விட்டது. வெளியே எடுத்தபோது அதோடு ஒரு கைப்பிடி செம்மண்ணும் கொட்டியது.

நடந்தது இதுதான். ஜிப்ஸியின் சேஸ் உள்ளே கூடாக இருக்கும் பெட்டி வடிவம். சேற்றிலும் ஓடையிலும் இறங்கும்போது மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். வடியவேண்டிய ஓட்டைகள் மண்ணால் அடைத்துக்கொண்டால் ஈரம் வெளியே போகாது. துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டு வரும், வெளித்தோல்தான் கடைசியில் விழும். கடற்கரை ஊரில் வளர்ந்த வண்டி என்றால் இந்த வேலை இன்னும் சீக்கிரம் நடந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததால்தான் கறுப்பு பெயின்டுக்கு இத்தனை மரியாதை. வாங்க வருகிறவர்கள் அரை மணி நேரம் இன்ஜின் சத்தம் கேட்பார்கள். சேஸுக்கு அரை நிமிஷம். தலைகீழாக இருக்க வேண்டும். இன்ஜினைக் கழற்றி மாற்றிவிடலாம். சேஸ் போனால் வண்டியே போச்சு, அதில் பொறித்த நம்பரோடு சேர்த்து.

காந்தம் இரண்டே இடத்தில் நழுவி விழுந்தது: பின்கதவின் கீழ்விளிம்பில் ஒன்று, கண்ணாடி சட்டத்தின் மூலையில் இன்னொன்று. இரண்டும் ஜிப்ஸியில் வழக்கமாகத் துருப்பிடிக்கும் இடங்கள், இரண்டிலும் பட்டி பார்த்திருந்தார்கள். இதற்கெல்லாம் அண்ணன் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. டிங்கர் கடையில் முடிகிற காரியம்.

இன்ஜின் ஆறியதும் சாவியைத் திருப்பினார். ஆயில் மூடியைக் கழற்றி, உள்ளே மோர் நிறத்தில் நுரை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இல்லை. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நீலப்புகை நின்றுவிட்டது. முடிந்தது இன்ஜின் பரிசோதனை!

முன் சக்கரத்துக்கு வந்ததும்தான் மனிதர் குதூகலமானார். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கினார். கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடங்களில் இரண்டு கையால் பிடித்து ஆட்டினார். கடக் கடக். "அம்மிணி, ஏறி பிரேக்கை மிதிங்க" என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார். இன்னும் கடக். இங்கேதான் சூட்சுமம்: பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கர பேரிங் தேய்ந்திருக்கிறது, சில்லறைச் செலவு. பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் தேய்ந்தது சக்கரத்தைத் திருப்பும் மூட்டில் மேலும் கீழும் உட்கார்ந்திருக்கும் கிங்பின் பேரிங். பள்ளத்தில் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் கையை உதறித் தள்ளுகிற அந்தப் பேயாட்டத்துக்கு முக்கியமான காரணம் இதுதான். ஷெட்டில் இதற்கு ஒரு மூடுவித்தை உண்டு: ஸ்டீயரிங் பாக்ஸின் திருகை இறுக்கிவிடுவார்கள். ப்ளே குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் முரண்டு பிடிக்கும்.

அதே மூட்டில் உருண்டையான இரும்பு மண்டை ஒன்று தெரியும். அதன் மேல் கெட்டியான கிரீஸ் மெலிதாகப் பூசினாற்போல் இருந்தால் நல்லது. நம்ம வண்டியில் தண்ணியாகக் கறுப்பு எண்ணெய் வழிந்து, டயரின் உள்பக்கம் வரை கோடு போட்டிருந்தது. உள்ளே ஆக்சில் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் வெளியேறி கிரீஸோடு கலக்கிறது. முந்தின நாள் துடைத்திருக்கிறார்கள், பாவம். ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி வழிந்துவிட்டது.

டிஃபரன்ஷியல் ஆயில் பிளக்கைத் திறந்து சுண்டுவிரலை விட்டுப் பார்த்ததும் நல்ல செய்தி. ஆயில் பால் கலந்த காபி நிறமாக இல்லை. அப்படி இருந்தால் வண்டி ஆழமான தண்ணீரில் நின்றிருக்கிறது. சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் முழுகிய வண்டிகள் கழுவித் துடைத்துக்கொண்டு வேறு ஊர்களுக்குக் கிளம்பின. சீட் தண்டவாளத்தின் சந்திலும் ஹெட்லைட்டின் உட்புறத்திலும் மாவு மாதிரி வண்டல் படிந்திருந்தால், எத்தனை வாசனை ஸ்ப்ரே அடித்திருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம்.

பெரிய டயரைப் பார்த்து நண்பர் உருகிக்கொண்டிருந்தார். 205/70 ஆர்15 இருக்க வேண்டிய இடத்தில் 235/75 ஆர்15. கம்பீரம்தான்! ஆனால் சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 91 தான் காட்டும். யாரும் திருத்தாமலேயே கிலோமீட்டர் குறைகிற அழகு இது.

"ஃபோர் வீல் பாருங்க, பக்காவா வேலை செய்யும்" என்று ஷெட்காரர் வாசல் தார் ரோட்டிலேயே லிவரைத் தள்ளி, டேஷ்போர்டில் எரிந்த விளக்கைக் காட்டினார். அண்ணன் பதறிப்போய்த் தடுத்தார். இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் வளைத்தால் முன் பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் போக வேண்டியிருக்கும், போக வழியில்லாமல் பல்சக்கரங்கள் முறுக்கேறிக்கொள்ளும். விளக்கு எரிவதும் சாட்சி இல்லை. முன் சக்கர ஹப் பூட்டாமல் இருந்தாலும் அது ஜம்மென்று எரியும்.

ஆகவே எல்லோரும் ஏறிக்கொண்டு பக்கத்திலிருந்த வறண்ட ஓடைக்குப் போனோம். மணல், உருளைக்கல், எதிரே செங்குத்தான கரை. ஃபோர் லோ, முதல் கியர். ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே ஜிப்ஸி நாலு காலாலும் கரையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியது. நான் கத்தியேவிட்டேன். நண்பர் கண்ணில் தண்ணீர். இறங்கும்போதுதான் நிஜமான சோதனை. அண்ணன் காலை எடுத்து, வண்டியை இன்ஜின் பிடியிலேயே இறங்கவிட்டார். பாதிச் சரிவில் 'டக்' என்று லிவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி விழ, வண்டி பிடி இல்லாமல் ஓட ஆரம்பித்தது. பிரேக் பிடித்துவிட்டார், எல்லோரும் முன்கண்ணாடி வரை போய்த் திரும்பினோம். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே தேய்மானம். சமதரையில் எத்தனை நாள் ஓட்டினாலும் இது காட்டிக்கொடுத்திருக்காது.

"அது அப்பிடித்தானுங்க, கையில புடிச்சுக்கிட்டா நிக்கும்" என்றார் ஷெட்காரர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

திரும்பி வந்து காகிதம். சேஸ் நம்பரைத் தாளில் பென்சில் தேய்த்து எடுத்து ஆர்சியோடு ஒப்பிட்டார், ஒத்துப்போனது. 15 வருஷம் முடிந்த வண்டி என்பதால் புதுப்பித்த தேதியையும் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு ஜிப்ஸி பாதி விலைக்கு நின்றிருந்தது. நண்பர் அதன் பானெட்டைத் திறந்தார். ஆர்சியில் பெட்ரோல், உள்ளே டீசல் இன்ஜின் உட்கார்ந்திருந்தது! "மைலேஜ் சூப்பருங்க" என்றார் ஷெட்காரர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இப்படிப்பட்ட மாற்றத்தைச் சும்மா விடாது. முறையாக அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றாவிட்டால் எஃப்சி நாளிலும், விபத்துக்கான இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளிலும் அந்த மைலேஜ் உதவாது. பானெட் மெதுவாக மூடப்பட்டது.

பிறகு சிவப்பு ஜிப்ஸிக்குப் பேரம். அண்ணன் விரல் விட்டு எண்ணினார்: சேஸில் வெட்டி ஒட்டும் வேலை, இரண்டு பக்கமும் கிங்பின் செட், ஆக்சில் சீல், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பிரிப்பு. ஒவ்வொரு விரலுக்கும் ஷெட்காரர் முகம் ஒரு சுற்றுச் சிறுத்தது. இன்ஜின் சுத்தம், டிஃபரன்ஷியல் சுத்தம், காகிதம் சுத்தம் என்பதால் நண்பர் விடுவதாக இல்லை. கடைசியில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்து, அட்வான்ஸ் கைமாறியது.

கிளம்பும்போது ஷெட்காரர் நண்பரைத் தனியே ஓரமாக அழைத்து, தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு வண்டி வருதுங்க, சூப்பர் கண்டிஷன். பார்க்க வாங்க. தனியா வாங்க."