சிறுநீரகத்தின் உப்புக் கணக்கைச் சொன்ன தவளைத் தோல்

நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அந்த நீரோடு வடியும் உப்பு ஒன்றரை கிலோவை நெருங்கும். ஆனால் சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். வடிந்த உப்பில் 99 விழுக்காடு இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. அதைத் திருப்பி அனுப்புவது எது? இதற்கான அடிப்படை விடை கிடைத்தது தவளையின் தோலில். கண்டுசொன்னவர் டென்மார்க்கின் உடலியங்கியல் அறிஞர் ஹான்ஸ் உஸ்ஸிங்.

1911இல் பிறந்த உஸ்ஸிங், முதலில் கிழக்கு கிரீன்லாந்துக் கடலின் மிதவை உயிரினங்களை ஆராய்ந்தவர். பிறகு கோபன்ஹேகனில் நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் குரோகின் ஆய்வகத்துக்கு வந்தார். உப்பு மிகமிகக் குறைந்த குளத்து நீரிலிருந்தும் தவளை தன் தோல் வழியே உப்பை எடுத்துக்கொள்கிறது என்பதை குரோக் 1930களிலேயே காட்டியிருந்தார். தோலின் இரு புறத்துக்கும் இடையே மின்னழுத்தம் இருப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் தெரியாமல் இருந்தது.

உஸ்ஸிங்கும் கார்ல் சேரானும் 1951இல் வெளியிட்ட சோதனையைப் படிக்கும்போது அதன் எளிமை இன்றும் வியக்க வைக்கிறது. தவளைத் தோலின் ஒரு துண்டை இரண்டு சிறு அறைகளுக்கு நடுவே பொருத்தினார்கள். இரு பக்கமும் ஒரே உப்புக்கரைசல். தோலின் மின்னழுத்தத்தை வெளியிலிருந்து தந்த எதிர் மின்சாரத்தால் பூச்சியமாக்கினார்கள். இப்போது உப்பை ஒரு பக்கம் தள்ளுவதற்குச் செறிவு வேறுபாடும் இல்லை, மின்விசையும் இல்லை. ஆனாலும் மின்னோட்டம் நிற்கவில்லை. கதிரியக்க சோடியத்தைக் கொண்டு அளந்தபோது, தோலைக் கடந்து உள்ளே போன சோடியத்தின் நிகர அளவும் அந்த மின்னோட்டமும் ஒத்துப்போயின. தோல் தன் சொந்த ஆற்றலைச் செலவழித்துச் சோடியத்தை உள்ளே கடத்துகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியானது.

1958இல் வால்போர் கோஃபோட்-யான்சனுடன் சேர்ந்து உஸ்ஸிங் அடுத்த அடியை வைத்தார். ஒரே செல்லுக்கு இரு முகங்கள், இரண்டுக்கும் வெவ்வேறு குணம் என்றார். வெளிமுகச் சவ்வு சோடியத்தை உள்ளே விடும். உள்முகச் சவ்வில் ஒரு பம்பு, உடலின் பக்கம் சோடியத்தைத் தள்ளி, பதிலாகப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுக்கும். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆர்ஹூஸ் நகரில் ஜென்ஸ் ஸ்கோ, நண்டின் நரம்பில் அந்தப் பம்பின் நொதியைக் கண்டறிந்திருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. 1997இல் ஸ்கோவுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உஸ்ஸிங்குக்குக் கிடைக்கவே இல்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால் சிறுநீரக நுண்குழலின் செல்களும் இதே அமைப்பில்தான் இயங்குகின்றன. குளத்து நீரின் இடத்தில் இங்கே சிறுநீர். பம்பு இருப்பது இரத்தத்தின் பக்கம். பம்பு செல்லுக்குள் சோடியத்தைக் குறைவாகவே வைத்திருப்பதால், குழலின் தொடக்கப் பகுதியில் சோடியம் உள்ளே பாயும்போது குளுக்கோசையும் உடன் இழுத்துச் செல்கிறது. நீரிழிவுக்கும் சிறுநீரகப் பாதுகாப்புக்கும் இன்று தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் இந்த வழியைத்தான் மறிக்கின்றன. குடலிலும் இதே கூட்டுப் பயணம் உண்டு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பது அதனால்தான்.

குழலின் கடைசிப் பகுதி, தவளைத் தோலை இன்னும் நெருக்கமாக ஒத்தது. அங்கே சோடியம் நுழையும் வழியை அடைப்பது அமிலோரைடு என்ற மாத்திரை. அந்த வழி அடைபட்டால் உப்பு சிறுநீரில் போகும், வீக்கம் வடியும். ஆனால் அதே இடத்தில் வெளியேற வேண்டிய பொட்டாசியம் உடலிலேயே தங்கிவிடும். மிகுந்த பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைக்கும். இந்த வகை மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாகச் சிறுநீரகம் பழுதுபட்டவர்கள், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இரத்தப் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் சேர்க்கப்பட்டிருக்கும். அதை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.