அடுத்த ராணி யார்? குளவிக்குத் தெரியும்!

மேடவாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் குளவி புதிதல்ல. ஜன்னல் மூலையில், காகிதத்தால் செய்தது போல ஒரு கூடு தொங்கும். "ஐயோ, கொட்டிவிடும்!" என்று துடைப்பத்தைத் தூக்குவோம்.

மண்கூடு கட்டுமே, அந்தக் குளவி அல்ல இது. மரநாரை மென்று கூடு கட்டும் குளவி. தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணப்படும் ஓர் இனத்துக்கு 'ரோபாலிடியா மார்ஜினேட்டா' என்று பெயர்.

பேராசிரியர் ராகவேந்திர கதக்கர் 1979-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆராய்ந்தது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை. குளவி வெறும் பொழுதுபோக்கு. பிறகு பொழுதுபோக்கே தொழிலாகிவிட்டது!

அப்பா இல்லாத பிள்ளை

கூட்டில் ராணி ஒன்றுதான் முட்டையிடும். மற்றப் பெண் குளவிகள் இரை தேடும். குஞ்சுப் புழுக்களுக்கு ஊட்டும். ஊரார் பிள்ளையை ஏன் வளர்க்கின்றன?

1964-ல் ஹாமில்டன் என்ற இங்கிலாந்து அறிஞர் ஒரு கணக்குச் சொன்னார். ஆண் குளவிக்குத் தகப்பனே கிடையாது. கருவுறாத முட்டையில் பிறக்கிறது. அதனால் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த சகோதரிகளுக்குள் நூற்றுக்கு 75 பங்கு உறவு. சொந்த மகளிடம் 50 தான். தங்கையை வளர்ப்பதே லாபம்!

கணக்கு அழகுதான். ஆனால் ராணிக்குக் கணவன் ஒருவன் அல்ல என்பதைக் கதக்கர் குழு 1986-ல் காட்டியது. அப்புறம் 75 ஏது?

கதக்கர் இன்னொரு காரணம் சொன்னார். தனியே கூடு கட்டும் குளவி பாதியில் செத்தால் எல்லாம் வீண். கூட்டுக் குடும்பத்தில் செத்தால், விட்ட வேலையை மற்றவை முடிக்கும்.

சண்டையில்லாத வாரிசு

இந்த ராணி பரம சாது. அதை எடுத்துவிட்டால், சில நிமிஷங்களில் வேலைக்காரக் குளவி ஒன்று சீறி எழும். சுமார் ஒரு வாரத்தில் அதுவே முட்டையிடும் ராணி!

எது எழும்? ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப்புள்ளி வைத்துக் கவனித்தும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

2008-ல் மாணவி அனிந்திதா பத்ராவுடன் செய்த சோதனை வெளிவந்தது. கூட்டை இரண்டாக வெட்டி, நடுவே கம்பி வலை வைத்தார்கள். ராணியில்லாத பாதியில் எழுந்த குளவியை மறுபாதிக்கும், ராணியை இந்தப் பாதிக்கும் மாற்றினார்கள். உண்மை வாரிசானால் அங்கும் எதிர்ப்பில்லை. இல்லாவிட்டால் அங்கே வேறொன்று எழும். அதை இரு பாதியும் ஏற்கும்.

பாகப்பிரிவினைக்குக் கோர்ட்டுப் படி ஏறும் நாம் எங்கே, இவை எங்கே!

பிறகு எழுந்த குளவிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து வாரிசு வரை வரிசை தயாராக இருந்தது. வயதில் மூத்ததற்கு வாய்ப்பு அதிகம்தான். ஆனாலும் சில சமயம், மூத்தது சும்மா இருக்க, இளையது எழுந்து நிற்கிறது.