மடையில் கிடக்கும் பாட்டிலுக்கும் பத்து ரூபாய் உண்டு

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களும் நம் கார் நடவு மாதங்களும் ஒன்றுதான். ஜூன் பிறந்ததும் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் கூட்டம் வரத் தொடங்கும். அதே நாட்களில்தான் கீழே தென்காசி சுற்றுவட்டார வயல்களில் தொளி அடித்து நாற்று நடுகிறோம். இரண்டு பேருக்கும் தண்ணீர் சிற்றாறும் அதில் வந்து சேரும் ஓடைகளும்தான். மேலே ஒருவர் கரையில் வீசிவிட்டுப் போகும் மதுபாட்டில், கீழே வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் பெண்ணின் பாதத்தில் குத்துகிறது.

இதைக் குடிப்பழக்கம் பற்றிய பேச்சாக்க வேண்டாம். அது வேறு விவாதம். வயலுக்கு வரும் கண்ணாடியை எப்படி நிறுத்துவது, விற்கிறவருக்கு அதில் என்ன பொறுப்பு என்பதை மட்டும் பார்ப்போம்.

மூடி போட்ட காலி பாட்டில் தண்ணீரில் மிதக்கும். அணைக்கட்டிலோ மடைக்கல்லிலோ மோதினால்தான் உடையும். உடைந்த சில்லின் அடர்த்தி கிட்டத்தட்ட 2.5. மணலின் அடர்த்தி 2.65. அதாவது உடைந்த பிறகு கண்ணாடி மணல் மாதிரியே நடந்துகொள்ளும். வேகமான நீரில் உருண்டு வரும், வேகம் குறையும் இடத்தில் படியும். வாய்க்கால் வளைவு, மடையின் வாய், முதல் வயலின் நீர் நுழையும் மூலை ஆகிய மூன்று இடங்களில்தான் சில்லு அதிகம் சேரும். தொளி அடிக்கும்போது சேறு குழம்பி, கனமான சில்லு கீழே இறங்கி அடிமண் கெட்டித் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. நடவுக்காரரின் கால் போய் நிற்பதும் அதே தரையில்தான். மேலிருந்து பார்த்தால் வயல் பளிங்கு போலச் சுத்தமாகத் தெரியும். கண்ணாடி மக்காது. இன்று புதையும் சில்லு உங்கள் பேரன் காலத்திலும் அங்கேயே கிடக்கும்.

ஆகவே தேடுவதற்குச் சரியான நேரம் தண்ணீர் விடுவதற்கு முன்பு. கோடை உழவு முடிந்த காய்ந்த நிலத்தில், காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், மடை மூலையிலிருந்து நடந்து பாருங்கள். சில்லு பளபளக்கும். தடித்த கையுறை போட்டுப் பொறுக்கிச் சாக்கில் கட்டுங்கள். வரப்பில் குவித்து வைத்தால் அடுத்த மழையில் மறுபடி வயலுக்கே வரும். வாய்க்கால் தூர்வாரும்போது எடுக்கும் மண்ணைச் சலிக்காமல் வரப்பில் போடாதீர்கள்.

குத்திவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, சேறு எதையும் அப்ப வேண்டாம். சுத்தமான நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்கள். திறந்த காயத்தோடு சேற்றில் நின்றால் எலிக்காய்ச்சல் தொற்றும் வாய்ப்பு உண்டு. அடுத்த சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வயலில் காயம்பட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாடு நொண்டினால் முதலில் குளம்பின் பிளவைப் பாருங்கள்.

இதெல்லாம் பாதிக்கப்படுகிறவர் செய்யும் வேலை. விற்கிறவர் என்ன செய்யலாம்?

டாஸ்மாக் 1983-ல் தொடங்கப்பட்டது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையும் அதன் கையில்தான். 2023 ஜூனில் 500 கடைகளை மூடியபோது மீதமிருந்தவை 4,829. விற்பவர் பலர் என்றால் 'இது யார் பாட்டில்' என்ற தகராறிலேயே காலம் போகும். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை. எல்லாப் பாட்டிலும் ஒரே நிறுவனத்தின் வாசல் வழியாக வெளியே போவதால், அதே வாசல் வழியாகத் திரும்ப வாங்குவதும் எளிது.

அதற்கு முன்மாதிரி நீலகிரி. காட்டில் வீசப்பட்ட மதுபாட்டில் உடைந்து யானை உள்ளிட்ட விலங்குகளின் காலைக் கிழிப்பது பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் அந்த மாவட்டத்தில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருவார்கள். அங்கே பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வந்தன. பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிவாக்கினார்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசின் மதுபானக் கழகம் 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் சில கடைகளில் பாட்டிலுக்கு 20 ரூபாய் வைப்புத்தொகை வாங்கத் தொடங்கியது.

யானைக்காகச் செய்ததை நடவுக்காரருக்காகவும் செய்யலாம். ஆனால் நீலகிரியை அப்படியே குற்றாலத்தில் ஒட்டவைக்க முடியாது. இங்கே வாங்குகிறவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். வாங்கும் இடம் ஒன்று, குடிக்கும் இடம் வேறு, மாலையில் பஸ் ஏறிவிடுவார். பத்து ரூபாய்க்காகக் கடைக்குத் திரும்பி நடக்கமாட்டார். எனவே சீசன் மாதங்களில் வாகன நிறுத்துமிடங்களிலும் பஸ் நிலையத்திலும் திரும்ப வாங்கும் இடம் இருக்க வேண்டும். வாங்கியவர்தான் கொண்டுவர வேண்டும் என்றில்லாமல், ஸ்டிக்கரோடு யார் கொண்டுவந்தாலும் பணம் கொடுக்க வேண்டும். அப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறவரும் ஊராட்சித் தூய்மைக் காவலரும் வாய்க்கால் கரையில் பொறுக்குவார்கள். கடை ஊழியர்கள் இடமில்லை, ஆளில்லை என்று சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதற்குத் தனி ஆளும் கிடங்கும் தர வேண்டியது நிறுவனத்தின் வேலை.

திரும்பக் கேட்கப்படாத பணம் எங்கே போக வேண்டும்? அந்தப் பாட்டில்கள் யார் நிலத்தில் கிடக்கின்றனவோ அந்த ஊரின் வாய்க்கால் தூர்வாரலுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

திரும்பிய பாட்டிலைக் கழுவி மறுபடி நிரப்புவதே முதல் தேர்வு. உருக்க வேண்டுமானால் உலை 1,500 டிகிரி வரை சூடாக வேண்டும். மூலப்பொருளில் பத்து சதவீதம் பழைய கண்ணாடி சேர்த்தால் எரிசக்தி ஏறக்குறைய மூன்று சதவீதம்தான் குறையும்.

பாட்டிலோடு விஷயம் முடியவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் டம்ளர்கள் பார்களின் பின்புறம் இன்னும் குவிவதைப் பார்க்கிறோம். ஆலைப் பக்கம், கரும்பு மொலாசஸிலிருந்து ஒரு லிட்டர் ஆல்கஹால் எடுத்தால் 10 முதல் 15 லிட்டர் கழிவுநீர் மிஞ்சும். அதைச் சுண்டவைத்து எரித்த சாம்பலில் பொட்டாஷ் இருக்கிறது. 14.5 சதவீதப் பொட்டாஷ் உரமாக மத்திய அரசின் மானியப் பட்டியலிலும் இது சேர்ந்துள்ளது. இதில் 100 கிலோ, ஏறக்குறைய 24 கிலோ மூரியேட் ஆப் பொட்டாஷுக்குச் சமம். மூரியேட்டை நாம் முழுக்க இறக்குமதி செய்கிறோம். கழிவை இப்படி உரமாக்கும் ஆலைகளிடம்தான் முதலில் வாங்குவோம் என்று டாஸ்மாக் ஒரு வரி நிபந்தனை போட்டால் ஆலைகள் தாமாக மாறும்.

அடுத்த முறை வாய்க்காலில் பாட்டில் எடுத்தால் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கடைக்குக் கொண்டுபோய்ப் பணம் கேளுங்கள். மறுத்தாலோ, ஸ்டிக்கரே இல்லாவிட்டாலோ, பாட்டில் கிடந்த மடையின் பெயர், தேதி, எண்ணிக்கை, ஒரு படம் ஆகியவற்றோடு மனு எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். தனியாகப் போகாமல், ஒரே வாய்க்காலில் பாயும் நான்கைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை வாங்கிவிட்டு வாருங்கள்.